பேச்சிப்பாறை நீர்மட்டமும் என் ஐயெல்ட்ஸும்

முதல் தடவை ஐயெல்ட்ஸ் என்கிற ஆங்கிலத் தேர்வு எழுதியபோது ரைட்டிங்கில் 5.5தான் வந்தது. நர்சிங் முடித்துவிட்டு வெளிநாடு போகக் காத்திருக்கும் எங்கள் குலசேகரம் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் இடறுகிற இடம் இது. அகாடமிக் தேர்வின் முதல் கேள்வியில் எனக்குக் கோட்டுப்படம் வந்தது. அதில் தெரிகிற ஏற்ற இறக்கத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். 150 வார்த்தைக்குக் குறையக் கூடாது, 20 நிமிடம் ஒதுக்கினால் போதும் என்பார்கள்.

நான் போன வகுப்பில் ‘ஏறியது’ என்பதற்கு மட்டும் ஒரு பக்கம் நிறைய வார்த்தைகள் தந்தார்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். 12 சதவீதம் 14 ஆனதற்கு ‘ஸ்கைராக்கெட்டட்’ என்று எழுதிவிட்டு வந்தேன். ராக்கெட்டாம்! புஸ்வாணம்கூட அதைவிட மேலே போகும்.

அப்பா ரப்பர் பால்வெட்டு முடிந்து வந்து, சாயாவோடு பேப்பரை விரித்தால் முதலில் தேடுவது பேச்சிப்பாறை நீர்மட்டத்தைத்தான். மொத்தம் 48 அடி அணை. ஒருநாள் சத்தமாக வாசித்தார்: “2 அடி உயர்ந்து 42 அடியாச்சு மக்ளே.”

அப்போதுதான் உறைத்தது. எவ்வளவு ஏறியது என்றால் ‘ரோஸ் பை டூ ஃபீட்’. எதுவரை ஏறியது என்றால் ‘ரோஸ் டு ஃபார்ட்டி டூ ஃபீட்’. தமிழில் ஓர் ‘ஆக’ செய்கிற வேலையை அங்கே ‘டு’ செய்கிறது. ‘பை’ வரவேண்டிய இடத்தில் ‘டு’ போட்டுவிட்டால் அணையில் மொத்தமே 2 அடித் தண்ணீர்தான் என்றாகிவிடும். இந்தத் தப்பை நான் எத்தனை தாளில் செய்தேனோ. பெயர்ச்சொல்லாக எழுதும்போது ‘எ ரைஸ் ஆஃப் டூ ஃபீட்’. எதில் ஏற்றம் என்று சொல்ல ‘இன் த வாட்டர் லெவல்’.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அணைக்கு ஒரு கோடு வரைந்தேன், எல்லாம் கற்பனைக் கணக்கு. கோடையில் மெதுவாக இறக்கம், ‘கிராஜுவலி டிக்ளைண்ட்’. ஜூன் மழையில் விறுவிறு ஏற்றம், ‘ரோஸ் ஷார்ப்லி’. ஆகஸ்டில் சின்னப் பள்ளம், அது ‘டிப்’. ஐப்பசி மழையில் உச்சி, ‘பீக்ட் அட்’ என்று எழுதி அடியைப் போட வேண்டும். அதற்குப் பிறகு கோடு படுத்துக்கொண்டால் ‘லெவல்ட் ஆஃப்’. இதை ‘ரிமெயிண்ட் ஸ்டெடி’யோடு குழப்பிக்கொண்டிருந்தேன். ஏறியோ இறங்கியோ வந்த கோடு அடங்கினால்தான் முதலாவது. ஒரே மட்டமாகப் போய்க்கொண்டிருந்தால் இரண்டாவது.

‘சோர்ட்’, ‘ப்ளஞ்ச்ட்’ மாதிரி ஆவேசமான வார்த்தைகளைத் தோவாளைப் பூச்சந்தைக்கு வைத்துக்கொண்டேன். ஓணத்துக்கு முந்தின நாள் பிச்சிப்பூ விலை போகிற போக்குக்கும், ஓணம் முடிந்ததும் விழுகிற வேகத்துக்கும் அவைதான் சரி. தினமும் ஏறி இறங்கி ஆட்டம் காட்டுகிற ரப்பர் விலைக்கு ‘ஃப்ளக்சுவேட்டட்’.

இன்னொன்று, படத்தில் இல்லாத காரணத்தைச் சொல்லக் கூடாது. மழை பெய்தது, அதனால் ஏறியது என்று நாமாக எழுதினால் அங்கே எடுபடாது. அப்பாவிடம் இதைச் சொன்னேன்.

“மழை பெய்யாம அணை எப்படி மக்ளே ஏறும்?” என்று கேட்டுவிட்டு, பேப்பரில் ரப்பர் விலைப் பக்கத்துக்குப் போய்விட்டார்.