இரட்டை நீர் மாத்திரை: ஆறு வாரக் குறிப்புகள்

ஏப்ரல் 2

இரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் சேர்த்து எழுதித் தரப்படும் கூட்டு நீர் மாத்திரையைப் பற்றி இன்று முதல் குறித்து வருகிறோம். மாத்திரை தொடங்கியவர் எந்த வாரத்தில் எதைக் கவனிக்க வேண்டுமோ, அந்த வரிசையில் குறிப்புகள் போகும்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு மருந்துப் பெயர்கள் இருக்கும். பெரும்பாலும் ஒன்று ஹைட்ரோகுளோரோதயாசைடு. சிறுநீரகக் குழாயில் உப்பு திரும்ப உறிஞ்சப்படும் ஓரிடத்தை அது அடைக்கிறது. உப்பு சிறுநீரில் போக, அதன் பின்னாலேயே நீரும் போகிறது. கூடவே பொட்டாசியமும் கழிந்துவிடுவதுதான் அதன் குறை. இனி இதைச் சுருக்கமாகத் தயாசைடு என்போம். அதை ஈடுகட்டச் சேர்ப்பதே இரண்டாவது மருந்து: ட்ரையம்டெரீன், அமிலோரைடு, ஸ்பைரோனோலாக்டோன் இவற்றில் ஏதாவது ஒன்று. இவை குழாயின் கடைசிப் பகுதியில் வேலை செய்து பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கும்.

ஒன்று பொட்டாசியத்தை இறக்குகிறது, மற்றது ஏற்றுகிறது. யாருக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதை இரத்தப் பரிசோதனை இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. இனி எழுதப்போவதில் பாதிக்கு மேல் இதைச் சுற்றியேதான் இருக்கும்.

ஏப்ரல் 3

முதல் மாத்திரைக்கு முன்னால் இரத்தப் பரிசோதனையின் மூன்று எண்கள் கையில் இருக்க வேண்டும்: பொட்டாசியம், சோடியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின். பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருந்தால் இயல்பு. ஏற்கெனவே 5.5ஐத் தொட்டிருந்தால் இந்த மாத்திரையைத் தொடங்கக் கூடாது. சிறுநீரகம் நன்றாகத் தளர்ந்தவர்களுக்கும் இது ஆகாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் பொட்டாசியம் ஏறும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவர்களுக்குப் பரிசோதனை இன்னும் நெருக்கமாக வேண்டும்.

சல்ஃபா மருந்து ஒவ்வாமை, கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வலி), சிறுநீரகக் கல், கர்ப்பம் ஆகியவற்றை மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். தயாசைடு யூரிக் அமிலத்தை ஏற்றும். அடங்கிக் கிடந்த கவுட் மறுபடி தலைதூக்குவது இதனால்தான். இரத்தச் சர்க்கரையையும் அது சற்று உயர்த்தலாம்.

ஏப்ரல் 4

ஒரு வேளை மாத்திரை என்றால் காலையில். ஹைட்ரோகுளோரோதயாசைடு இரண்டு மணி நேரத்தில் சிறுநீரைக் கூட்டத் தொடங்கும், நான்கு மணி நேரத்தில் உச்சம் தொடும், ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை நீடிக்கும். மாலையில் போட்டால் இரவு முழுக்க எழுந்து நடக்க வேண்டியிருக்கும். வயதானவர்கள் இருட்டில் தடுக்கி விழுவது அப்போதுதான். வயிற்றைப் புரட்டினால் சாப்பிட்டபின் போடலாம்.

மறந்துபோனால் நினைவு வந்தவுடன் போடலாம். மாலை ஆகிவிட்டால் விட்டுவிட்டு மறுநாள் காலை வழக்கமான ஒன்றை மட்டும் போடவும். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது.

ட்ரையம்டெரீன் இருக்கும் மாத்திரையில் சிறுநீர் லேசாக நீலம் பாய்ந்து தெரியலாம். பயப்பட வேண்டியதில்லை.

ஏப்ரல் 8

அளவெடுப்பது பற்றி. மாத்திரை வேலை செய்கிறதா என்று ‘உடம்பு எப்படி இருக்கிறது’ என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. பிரஷரின் மேல் எண் 170 இருக்கும்போதும் உடம்பு நன்றாகவே தோன்றும்.

பிரஷர் பார்க்கும் முன் அரை மணி நேரம் காபி, புகை, உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவும். கருவியின் பட்டை வெற்றுத் தோலின் மேல், கை இதய மட்டத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதவும். காலையில் மாத்திரைக்கு முன்பு ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் எண் பொய்யாக ஏறும். நாங்கள் பார்த்தவரை வீட்டுக் கணக்கு தவறுவதற்கு இந்தப் பட்டைதான் முதல் காரணம்.

எடை: காலையில் சிறுநீர் கழித்தபின், எதுவும் சாப்பிடும் முன், அதே கருவியில். ஒரு கிலோ திடீரென ஏறினால் உடலில் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் சேர்ந்திருக்கிறது என்று பொருள். கொழுப்பு அவ்வளவு வேகமாக ஏறாது. ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ கூடினால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இதயத் தளர்ச்சி உள்ளவர்கள் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். வேகமாக இறங்கினாலும் சொல்லவும். நீர் அளவுக்கு மீறிப் போகிறது என்பதன் அடையாளம் அது.

முதல் வாரத்தில் பிரஷர் போதிய அளவு இறங்கவில்லையே என்று மாத்திரையை மாற்றச் சொல்ல வேண்டாம். சிறுநீர் முதல் நாளே கூடும். அழுத்தம் முழுதாக இறங்க இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும்.

ஏப்ரல் 9

எழுந்தால் தலை சுற்றுகிறதா? உட்கார்ந்தபடி ஒரு அளவு, எழுந்து நின்று ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு அளவு. மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அந்தக் குறிப்போடு மருத்துவரிடம் போகவும், டோஸ் மாற வேண்டியிருக்கலாம்.

ஏப்ரல் 15

மாத்திரை தொடங்கி ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் மறுபடி அதே மூன்று எண்களைப் பார்க்க வேண்டும். இந்தப் பரிசோதனையைத்தான் பலரும் ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று தள்ளிப்போடுகிறார்கள். பொட்டாசியம் 6க்கு மேல் போனாலும் உடம்பில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். முதல் அறிகுறியே இதயத் துடிப்பு தப்புவதாக இருந்துவிடக்கூடும். தசைத் தளர்ச்சி, மரத்துப்போதல், நாடி மெதுவாதல் ஆகியவை வந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

சோடியம் இறங்குவதும் இதே வாரங்களில்தான் அதிகம், அதிலும் வயதான பெண்களுக்கு. லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போகப்போகக் குமட்டல், தலைவலி, தடுமாற்றம், பேச்சில் குழப்பம் வரும். வீட்டில் இருப்பவர்கள் இதை ‘வயதாகிவிட்டது’ என்று எடுத்துக்கொள்வதுண்டு. புது நீர் மாத்திரை தொடங்கிய மாதத்தில் வரும் குழப்பத்தை வயதின் கணக்கில் எழுதாதீர்கள், இரத்தம் பாருங்கள்.

ஏப்ரல் 16

நேற்று விடுபட்டது. இரத்தம் எடுக்கும்போது கையைத் திரும்பத் திரும்ப மூடித் திறந்தாலோ, குழலில் சிவப்பணுக்கள் உடைந்தாலோ பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து வரும். எதிர்பாராத உயர்வு வந்தால் உடனே மறுபடி எடுப்பார்கள். ஆனால் ‘பொய்யாக இருக்கும்’ என்று நாமே முடிவு கட்டி விட்டுவிடக் கூடாது.

ஏப்ரல் 21

இன்றைய குறிப்புதான் எல்லாவற்றிலும் முக்கியம். இந்த மாத்திரையால் விபத்து நேர்ந்தால், பெரும்பாலும் காரணம் அதனோடு வந்து சேர்ந்த வேறொன்றாகத்தான் இருக்கும்.

குறைந்த சோடிய உப்பு. பிரஷருக்கு நல்லது என்று வாங்குவது. சோடியத்தில் ஒரு பங்குக்குப் பதிலாக அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. வெறும் தயாசைடு போடுபவருக்கு இடைஞ்சல் குறைவாக இருக்கலாம். பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கும் மருந்து போடுபவருக்கு அது ஆபத்து. வழக்கமான உப்பையே குறைத்துப் போடுங்கள். பொட்டாசியம் சிரப், பொட்டாசியம் மாத்திரை விஷயத்திலும் இதே எச்சரிக்கைதான். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தவுடன் ‘பொட்டாசியம் குறைந்திருக்கும்’ என்று பழைய சிரப்பை எடுத்துக் குடிப்பது நடக்கிறது. சோடியம் குறைந்தாலும் கால் இழுக்கும். எண் தெரியாமல் எதையும் குடிக்க வேண்டாம்.

எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் ஆகிய பிரஷர் மருந்துகள். நான்குமே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. மருத்துவர் தெரிந்தே சேர்த்து எழுதலாம். ஆனால் இரண்டு மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதும்போதுதான் சிக்கல். இரண்டு சீட்டையும் ஒருவர் கண்ணில் காட்டுங்கள்.

சிறுநீர்த் தொற்றுக்குத் தரப்படும் ட்ரைமெத்தோப்ரிம் ஆன்டிபயாடிக்தான். ஆனாலும் அமிலோரைடைப் போலவே சிறுநீரகத்தில் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கும். ஐந்து நாள் மருந்துதானே என்று அலட்சியம் வேண்டாம், சில நாட்களிலேயே ஏறிவிடும்.

வலி மாத்திரைகள்: ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், இண்டோமெத்தசின். சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைத்து நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், வீக்கத்தைத் திரும்பக் கொண்டுவரும், பொட்டாசியத்தையும் ஏற்றும். ட்ரையம்டெரீனோடு இண்டோமெத்தசின் சேர்ந்து சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததுண்டு. சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

மனநல மருந்தான லித்தியம் சாப்பிடுபவர்களுக்குத் தயாசைடு அதை உடலில் தேங்கவைத்து நஞ்சாக்கும். இதய மருந்தான டிகாக்சின் சாப்பிடுபவர்களுக்குப் பொட்டாசியம் இறங்கினால் துடிப்பு தாறுமாறாகும்.

ஏப்ரல் 29

வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் வந்த நாளில் இந்த மாத்திரையைத் தொடர்வது காய்ந்த கிணற்றில் இறைப்பது போல. ஏற்கெனவே நீர் குறைந்த உடலிலிருந்து இன்னும் இறைத்தால் சிறுநீரகம் தாங்காது. அன்றே மருத்துவரை அழைத்து நிறுத்திவைக்கலாமா என்று கேட்கவும். இயல்பாகச் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் ஆனபின் மறுபடி தொடங்கச் சொல்வது வழக்கம். இந்த விதியை உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

மே 4

மாத்திரை போட்டும் வடியாத வீக்கம்.

முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி நின்றால் நீர் வீக்கம். எல்லா நீர் வீக்கமும் நீர் மாத்திரைக்கு வடியாது. அம்லோடிபின் என்ற பிரஷர் மருந்து சாப்பிடுபவர்களுக்கு வரும் கணுக்கால் வீக்கம் நுண்ணிய தமனிகள் விரிந்து நீர் கசிவதால் வருவது. உப்பும் நீரும் உடலில் கூடியதால் அல்ல. அதற்கு நீர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனால் வீக்கம் அப்படியே இருக்கும், சோடியமும் பொட்டாசியமும்தான் கெடும். அம்லோடிபின் டோஸைக் குறைப்பதோ மாற்றுவதோதான் வழி.

ஒரு காலில் மட்டும், வலியோடும் சூட்டோடும் வீக்கம் என்றால் இரத்தக் கட்டியாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். வீக்கத்தோடு மூச்சுத்திணறல், படுத்தால் மூச்சு முட்டல் இருந்தாலும் அப்படியே.

மே 7

கண்: திடீரெனப் பார்வை மங்கி, கண் வலித்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே கண் மருத்துவர். ஹைட்ரோகுளோரோதயாசைடால் கண் அழுத்தம் ஏறுவது அரிது. ஆனால் வந்தால் சில மணி நேரத்திலிருந்து சில வாரத்துக்குள் வரும், தாமதித்தால் பார்வை போகும்.

தோல்: வெயில் சட்டென்று சுடும். நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு மெலனோமா (நிறமிச் செல்களில் வரும் புற்றுநோய்) அல்லாத தோல் புற்றுநோய் சற்றுக் கூடுகிறது என்று 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் மருந்துக் குறிப்பில் சேர்த்தது. முழுக்கைச் சட்டை, தொப்பி, ஆறாத புண் இருந்தால் காட்டுவது. அதற்காகப் பிரஷர் மாத்திரையை நாமே நிறுத்துவது பெரிய தவறு.

மே 14

புது அட்டை வாங்கும்போது பெயரை மட்டும் பார்க்காமல் எண்களையும் பாருங்கள். ட்ரையம்டெரீன் 37.5 மி.கி. ஹைட்ரோகுளோரோதயாசைடு 25 மி.கி. என்று ஒன்று, 75க்கு 50 என்று இன்னொன்று. அமிலோரைடு கூட்டில் 5க்கு 50. ஸ்பைரோனோலாக்டோனோடு ஃப்யூரோசமைடு என்ற இன்னொரு நீர் மருந்து சேர்ந்தது வேறு மாத்திரை. அதில் தயாசைடே இல்லை. ‘அதே நீர் மாத்திரைதான்’ என்று மாற்றித் தந்தால் வாங்க வேண்டாம். இரண்டு மருந்தும் ஒரே மாத்திரையில் இருப்பதால் ஒன்றை மட்டும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பாதியாக உடைத்தால் இரண்டும் பாதியாகும்.

டோஸ் மாறினாலோ, புது மருந்து சேர்ந்தாலோ ஏப்ரல் 15இல் எழுதிய பரிசோதனை மறுபடி முதலிலிருந்து, ஒன்று இரண்டு வாரத்தில். எதுவும் மாறாமல் எண்கள் நிலையாக இருந்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒரு முறை.