செத்தவீட்டுக்குக் கமராவோடு போகிறவர்களுக்கு

கொழும்பில் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிற யாரையும் ஒரு கட்டத்தில் செத்தவீட்டுக்கும் கூப்பிடுவார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத் தமிழ்க் குடும்பங்களில் இது வழமையாகிவிட்டது. மூத்தவன் ரொறன்ரோவில், மகள் லண்டனில், அகதி வழக்கு முடியாததால் வெளிக்கிட முடியாத கடைசிப் பிள்ளை பாரிஸில். அப்பாவின் பூதவுடல் பொரளையில் ஒரு மலர்ச்சாலையில். அந்த முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவர்களுக்கு இருக்கிற ஒரே வழி நாங்கள் கொண்டுபோய் வைக்கிற கமராதான். அதனால் செத்தவீட்டில் படம் எடுப்பதே பிழை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்த வேலை நடக்கிற விதத்தைப் பல இடங்களில் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

முதலில் சட்டம். இதில் படம் எடுப்பவர்களுக்கும் வீட்டுக்காரருக்கும் குழப்பம் இருக்கிறது. ஆடிவேல் காலி வீதியில் போகிறது என்றால் தேரையும் கூட்டத்தையும் எடுக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, அது பொது வீதி. அதே வேல் கோயிலுக்குள் போனபிறகு கோயில் நிர்வாகம் சொல்வதுதான் முடிவு. மலர்ச்சாலை, கலியாண மண்டபம், வீடு, தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஹோல் எல்லாம் அப்படித்தான். இடத்துக்குப் பொறுப்பானவர் எடுக்க வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும், வெளியே போகச் சொன்னால் போக வேண்டும். முடியாது என்று நின்று அங்கே இருப்பவர்களை எரிச்சல்படுத்தினால் அது குற்றவியல் அத்துமீறல் வரைக்கும் போகலாம். தண்டனைச் சட்டக்கோவையின் 292ஆம் பிரிவு இன்னும் நேரடியானது: பிறர் மனம் புண்படும் என்று தெரிந்துகொண்டே அடக்கத்தலத்திலோ ஈமச்சடங்கு நடக்கும் இடத்திலோ அத்துமீறுவதும், சடங்குக்குக் கூடியவர்களுக்கு இடையூறு செய்வதும் குற்றம். 1883இல் வந்த சட்டம், இன்றைக்கும் இருக்கிறது.

இது ஏட்டில் மட்டும் இருக்கிற விசயம் என்று நினைக்க வேண்டாம். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு, மே மாதத் தொடக்கத்தில், சர்வதேசச் செய்தி நிறுவனம் ஒன்றின் புகைப்படக்காரரை நீர்கொழும்பில் பொலிஸ் கைது செய்தது. தாக்குதலில் இறந்த பிள்ளை ஒன்று படித்த பாடசாலைக்குள் அனுமதியில்லாமல் போனார் என்பதுதான் குற்றச்சாட்டு. உலகம் அறிந்த, பெரிய பரிசு வாங்கிய புகைப்படக்காரர் அவர். கைது செய்து தடுத்து வைத்தது அதிகப்படி என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெற்றோர் எந்த மனநிலையில் இருந்திருப்பார்கள் என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

மற்றப் பக்கமும் இருக்கிறது. நிறுத்தச் சொல்லவும் வெளியே போகச் சொல்லவும் வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. கமராவைப் பறிக்கவோ மெமரி கார்டைப் பிடுங்கவோ உரிமை இல்லை. மண்டபத்துக் காவலாளிக்கும் இல்லை. நின்று கேட்கிற மாமா எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவருக்கும் இல்லை. இளம் பிள்ளைகள் பலர் இது தெரியாமல் பயந்துபோய்க் கார்டை கழற்றிக் கொடுத்துவிடுகிறார்கள், அதில் அதற்கு முந்தின நாள் எடுத்த வேறு யாருடையவோ கலியாணமும் இருக்கும். கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இறந்தவரின் மனைவியோ பிள்ளையோ வந்து "தம்பி, அந்தப் படம் வேண்டாம், அழிச்சுவிடுங்கோ" என்று கேட்டால் அங்கே உரிமை பேசிக்கொண்டு நிற்கக் கூடாது. அவர்கள் கண்முன்னாலேயே அழித்துவிட வேண்டும், நல்ல படமாக இருந்தாலும்.

இனி நான் சொல்ல வந்த விசயம். உள்ளே வரச் சொன்னவரின் அனுமதி அந்த இடத்துக்குத்தான். அங்கே அழுதுகொண்டிருக்கும் ஒவ்வொரு முகத்துக்கும் அவர் அனுமதி கொடுக்க முடியாது. எங்களைக் கூப்பிடுகிறவர் பெரும்பாலும் மருமகனோ, வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிற மகனோ. துக்கத்தின் நடுவில் இருப்பவர் அம்மா. அம்மாவிடம் யாரும் கேட்பதில்லை.

தாலி கழற்றுகிற நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கரிசி முடிந்து, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்து, பெட்டியை மூடப் போகிற நேரம். பெண்கள் நாலைந்து பேர் அந்த அம்மாவைத் தாங்கிப் பிடித்திருப்பார்கள், தலைமயிர் கலைந்து சேலை விலகியிருக்கும், தான் எங்கே நிற்கிறோம் என்றே அவருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் பெட்டியின் தலைமாட்டுக்கு மேலே எல்ஈடி லைட்டைத் தூக்கிப் பிடித்து, அம்மாவின் முகத்துக்கு அரை முழத் தூரத்தில் லென்ஸை நீட்டுகிறார்கள். நீட்டுபவர் கெட்டவர் இல்லை, கலியாண வீட்டில் தாலி கட்டும்போது அப்படித்தான் எடுத்துப் பழகியிருக்கிறார், அதே பழக்கத்தில் இங்கேயும் கை போகிறது. அப்படி எடுத்த படத்தை யார் எந்த ஆல்பத்தில் வைத்துப் பார்க்கப் போகிறார்கள்? அந்த நேரத்தில் கமராவை இறக்கிப் பிடியுங்கள். வீடியோவை நிறுத்த முடியாது என்றால், வெளிநாட்டில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தவித்துப்போவார்கள் என்றால், அகலமான காட்சியில் பின்னால் நின்று முதுகுப்பக்கமாக எடுங்கள். குடும்பம் அதைக் குறை சொல்லாது.

வெளிச்சப் பிரச்சினை எனக்கும் தெரியும். மலர்ச்சாலைகளில் மேலே வெள்ளைக் குழல்விளக்கு, பெட்டியைச் சுற்றி மஞ்சள் பல்ப், முகமெல்லாம் பச்சையடிக்கும். அதற்காக பிளாஷ் போடக் கூடாது. வெளிச்சத்தைக் கூடுதலாக உள்ளே விடுகிற எப்1.8 லென்ஸ் ஒன்று போதும், கமராவின் வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று ஏற்றுங்கள், படத்தில் குருணை விழுந்தால் விழட்டும், நிறம் சரிவராவிட்டால் கறுப்பு வெள்ளையாக்குங்கள். சத்தமில்லாத எலக்ட்ரோனிக் ஷட்டர் போட்டால் அந்த விளக்குகளின் கீழே படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50இலோ 1/100இலோ வைத்தால் பெரும்பாலும் போய்விடும். தேவாரம் படிக்கும்போது டக் டக் என்று ஷட்டர் சத்தம் கேட்காமல் இருக்க இந்தச் சின்ன வேலை போதும்.

அப்புறம் நேரலை. யூடியூபில் எல்லாருக்கும் திறந்து விட்டு, கீழே கருத்துப் பெட்டியையும் திறந்து வைத்து, அந்த லிங்கை வட்ஸ்அப் குழுக்களில் போட்டால், அது எத்தனை பேரிடம் போகும் என்று யாருக்கும் சொல்ல முடியாது. லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வைப்பதற்கு ஒரு அழுத்துத்தான் வேலை. கருத்துகளை மூடுங்கள். அந்தியேட்டி, 31ஆம் நாள் முடிந்ததும் வீடியோவை இறக்கிக் குடும்பத்திடம் பென் டிரைவில் கொடுத்துவிட்டுச் சேனலில் இருந்து எடுத்துவிடுங்கள். குடும்பமே இருக்கட்டும் என்று சொன்னால் அது வேறு கதை. மற்றபடி ஒருவருடைய தகனக் கிரியை எங்கள் சேனலுக்குப் பார்வை சேர்க்கிற பொருளாக இருக்கக் கூடாது.

இதைச் சொல்லும்போது சாமத்தியவீட்டையும் சொல்லாமல் விட முடியாது. அது துக்கவீடு இல்லைத்தான், ஆனால் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் உடம்பைப் பற்றிய ஒரு செய்தியை மண்டபம் நிறைய ஆட்களுக்குச் சொல்கிற விழா. அந்தப் பிள்ளையின் படங்களை, பெயரோடு, ஸ்டூடியோப் பக்கத்தில் விளம்பரமாகப் போடுகிறார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 16 வயதுக்குக் குறைந்தவர்களின் தரவை விசேட வகையில் வைத்திருக்கிறது, பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. வீட்டுத் தேவைக்குப் படம் எடுப்பது அதற்குள் வராது. தொழில் விளம்பரத்துக்குப் போடுவது வீட்டுத் தேவை ஆகாது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வருவது தள்ளித் தள்ளிப் போனது உண்மை. அது வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன? பெற்றோரிடம் கேளுங்கள், அதோடு பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள். மேடையில் வைத்துக் கேட்டால் அது தலையை ஆட்டத்தான் செய்யும்.

எதையும் எடுக்காதே என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2020 டிசம்பரில், பிறந்து 20 நாளேயான முஸ்லிம் குழந்தையின் உடல் கொரோனாவைக் காரணம் காட்டி பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டபோது, மக்கள் பொரளையில் இருக்கிற கனத்தை மயான வேலியில் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். பிறகு அந்தத் துணிகள் அகற்றப்பட்டன. வேலியில் அவை கட்டியிருந்த படங்கள்தான் மிஞ்சின, அவை உலகம் முழுக்கப் போயின. அங்கே துக்கப்பட்டவர்களே உலகம் பார்க்க வேண்டும் என்று விரும்பினார்கள், அதுவும் வீதியோரத்தில். சாதாரண நாளில் அதே சமூகத்தின் ஜனாஸா வீட்டுக்குப் போனால் மையித்தின், அதாவது இறந்தவரின், முகத்துக்குக் கமராவை நீட்டுவதை பெரும்பாலான குடும்பங்கள் விரும்புவதில்லை. கமராவைப் பையில் வைத்துக்கொண்டே போய், பொறுப்பான ஒருவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்க நேரமில்லை என்றால் எடுக்காதீர்கள்.

கடைசியாகக் காசு, உரிமை விசயம். காசு வாங்கிக்கொண்டு எடுத்த படம் என்னுடையது, எங்கே வேண்டுமானாலும் போடுவேன் என்று பலர் சொல்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒருவர் கேட்டு எடுத்துக் கொடுத்த படத்தின் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலன்றி, கேட்டவருக்குத்தான். எடுத்தவர் என்று எங்கள் பெயரைக் குறிப்பிடக் கேட்கும் உரிமை எங்களிடம் இருக்கும். ஆகவே வேலை பிடிக்கும்போதே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவது இருபக்கத்துக்கும் நல்லது: யார் எடுக்கச் சொன்னது, யாரை எடுக்கக் கூடாது, நேரலை யாருக்கு, எப்போது அழிப்பது, ஸ்டூடியோப் பக்கத்தில் போடலாமா, கட்டணம் எவ்வளவு. செத்தவீட்டில் காசு பேசுவது சங்கடமாகத்தான் இருக்கும். அதனால் அதை இறந்தவரின் மனைவியிடமோ பிள்ளைகளிடமோ பேசாமல், மலர்ச்சாலை ஒழுங்குகளைப் பார்க்கிற உறவினர் ஒருவர் எப்படியும் இருப்பார், அவரைக் கொஞ்சம் வெளியே வாசலுக்குக் கூப்பிட்டு முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.