கலிங்கு வைக்காமல் கரை கட்டினேன்

குடியிருப்புக்குப் பின்னால் சும்மா கிடந்த பொது நிலத்தில் மரக்கன்று நடுவதுதான் எங்கள் திட்டம். நானும் இன்னும் நான்கு பேரும். ஒரு நல்ல மழையில் கூரைத் தண்ணீர் முழுக்க அதன் குறுக்கே ஓடி மேல்மண்ணை வழித்துக்கொண்டு போனதைப் பார்த்தோம். கன்றுகளை நிழலில் ஒதுக்கிவிட்டு, அந்தத் தண்ணீரை நிறுத்தி மண்ணில் இறக்க ஒரு வாய்க்கால் வெட்டலாம் என்று மண்வெட்டியைக் கையில் எடுத்தோம்.

மட்டம் பார்க்க ஏ-ஃபிரேம் செய்தேன். இரண்டு கம்பு, குறுக்கே ஒரு சட்டம், உச்சியிலிருந்து நூலில் தொங்கும் கல். அவ்வளவுதான். நூல் சட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. கால்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் சரிமட்டம். இதை வைத்து நடந்தால், கண்ணுக்குச் சமதளமாகத் தெரிந்த நிலம் எப்படி வளைந்து கிடக்கிறது என்று புரிகிறது.

அடுத்து, 30 செ.மீ. ஆழக் குழியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். முதல் தடவை காய்ந்த மண் மடமடவென்று குடிக்கும், அதை நம்பக் கூடாது. இரண்டாம் தடவை ஊற்றியபோது மணிக்கு 2 செ.மீ. இறங்கியது. அதாவது, வாய்க்கால் நிறைந்தாலும் சுமார் 15 மணி நேரத்தில் வற்றிவிடும். "கொசு வரும்" என்று சண்டைக்கு வந்த கீழ்வீட்டு அண்ணனுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டினேன். முட்டை கொசுவாக ஒரு வாரமாவது வேண்டுமே! ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் அசையவே இல்லை. கட்டுமானத்தின்போது லாரி நின்ற இடமாம். கடப்பாரை போட்டுத்தான் அதைத் தளர்த்தினோம்.

சமமட்டக் கோட்டில் 10 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, எடுத்த மண்ணைப் பள்ளப் பக்கம் கரையாகப் போட்டோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த பெருமழையில் கரை நடுவில் உடைந்தது.

கணக்கை முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 150 சதுர மீட்டர் கூரை, 20 மி.மீ. மழை: 3000 லிட்டர். என் வாய்க்கால் கொள்வது 1800. மிச்சத் தண்ணீர் தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டது. ஏரிக் கரை கட்டியவர்கள் கலிங்கு, அதாவது மிகுதித் தண்ணீர் வழிந்து போகும் வழி, வைக்காமல் விட்டதில்லை, நான் விட்டேன்.

இப்போது கரை உச்சியிலிருந்து 10 செ.மீ. தாழ்வாக, ஓர் ஓரத்தில் கல் பாவிய கலிங்கு இருக்கிறது. அதில் வழிவது கீழே வெட்டிய இரண்டாவது வாய்க்காலுக்குப் போகிறது. கரையில் பக்கத்துப் புதரிலிருந்து எடுத்த புல் விதை தூவினோம், முளை வந்துவிட்டது.

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் அடர்காட்டு முறையில் சதுர மீட்டருக்கு மூன்று கன்று நெருக்கி நடலாம் என்கிறார் ஒருவர். எனக்குச் சம்மதமில்லை. இது முன்பு புல்வெளியாக இருந்த நிலம் என்றால், அடர்காடு வைப்பது நிலத்தின் பழைய இயல்பை மீட்பதாகாது. பேச்சு இன்னும் முடியவில்லை. அதற்குள் நிழலில் வைத்த கன்றுகளுக்குப் பைக்குள்ளேயே வேர் சுருண்டுவிட்டது. நடும்போது கீழ்ச்சுருளை வெட்டிவிட்டுத்தான் வைக்க வேண்டும்.