ஸ்பென்சர் கிம்பல்: சால்ட் லேக் நகரக் குறிப்புகள்

2024 அக்டோபர் 2, புதன்

அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் உள்ள மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. நகரின் நடுவே உள்ள, மோர்மோன் என்ற கிறிஸ்தவச் சபையின் ஆலயத்தைச் சாரம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. இச்சபையின் 12ஆவது தலைவராக இருந்த ஸ்பென்சர் கிம்பலைப் பற்றி ஒரு வாரமாகப் படித்து வருகிறேன். நாட்குறிப்பு எழுதுங்கள், தேவதூதர்கள்கூட அதிலிருந்து மேற்கோள் காட்டக்கூடும் என்று 1975இல் இளைஞர்களுக்குச் சொன்னவர் அவர். நாற்பது ஆண்டாக நாட்குறிப்பு எழுதி வருபவன் என்பதால் அந்த வரியே என்னை இழுத்தது. என் குறிப்புகளில் பால் கணக்கும் பென்ஷன் கணக்கும்தான் மிகுதி என்பதால், எந்தத் தேவதூதருக்கும் அவை பயன்படப் போவதில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

1895 மார்ச் 28 அன்று இந்த ஊரில் பிறந்த கிம்பல், மூன்று வயதிலேயே பெற்றோருடன் அரிசோனாவின் தாட்சர் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். தாத்தா ஹீபர் கிம்பல், 1835இல் சபையின் முதல் அப்போஸ்தலர்களில், அதாவது சபையை வழிநடத்தும் பன்னிருவரில், ஒருவராக நியமிக்கப்பட்டவர். ஆயினும் பேரன் வளர்ந்தது மாட்டுத்தொழுவத்தில்தான். பால் கறக்கும்போதே பத்துக் கட்டளைகளையும் சபையின் விசுவாசப் பிரமாணங்களையும் மனப்பாடம் செய்தாராம். பதினொரு வயதில் தாயை இழந்தார். பதினான்காம் வயதில், ஒரு கூட்டத்தில் பேசிய அம்மையார் பைபிளை முழுதாகப் படித்தவர்கள் யாரென்று கேட்டபோது எழுந்த கைகள் மிகச் சில. அன்றிரவே வீட்டின் மேல்மாட அறையில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைத் தொடங்கி, ஏறத்தாழ ஓராண்டில் நூலை முடித்தார்.

1917இல் கமிலா ஐரிங்கை மணந்தபின் வங்கியில் வேலை பார்த்தார். பிறகு சாஃபர்ட் ஊரில் காப்பீடு, நிலம் வாங்கி விற்பது என்று சொந்தத் தொழில் நடத்தினார். வங்கிக் கவுன்டரில் முப்பத்திரண்டு ஆண்டு உட்கார்ந்திருந்த எனக்கு இந்தப் பகுதி மிகவும் பழக்கமான உலகமாகத் தோன்றியது.

அக்டோபர் 7, திங்கள்

சனி, ஞாயிறு இரு நாளும் சபையின் அரையாண்டு மாநாடு நடந்ததால் வெளியே போகவில்லை. வீட்டிலிருந்து 1943ஆம் ஆண்டுப் பகுதியைப் படித்தேன்.

ஜூலை 8, மதிய உணவுக்குக் கிம்பல் வீட்டுக்கு வந்த நேரத்தில் சால்ட் லேக்கிலிருந்து தொலைபேசி அழைப்பு. தலைமைக் குழுவில் இருந்த ரூபன் கிளார்க் பேசினார்: பன்னிரு அப்போஸ்தலர்களில் காலியாக இருந்த இடம் ஒன்றுக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். "நானா? என்னையா சொல்கிறீர்கள்? ஏதோ தவறு நேர்ந்திருக்கும்" என்பதே நாற்பத்தெட்டு வயதுக்காரரின் பதில். அடுத்த நாட்களில் தன் பழைய தவறுகளையெல்லாம் எண்ணிக் குமைந்து, யாரிடமாவது மனத்தாங்கல் இருந்திருந்தால் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். கொலராடோவின் போல்டர் நகரில் ஒரு விடியற்காலை தனியே மலையேறி, மனம் தெளியும்வரை அழுது ஜெபித்தார். பதவி வந்ததும் மாலையும் விளம்பரத் தட்டியும் தேடும் ஊர்க்காரனான எனக்கு இந்தப் பதற்றம் வியப்பாகவே இருந்தது.

அக்டோபர் 8, செவ்வாய்

1957இல் தொண்டைப் புற்றுநோய். நியூயார்க் அறுவை சிகிச்சையில் ஒரு குரல்நாணும் மற்றொன்றில் பாதியும் போயின. பேச்சையே ஊழியமாகக் கொண்டவருக்கு மிஞ்சியது கரகரத்த குரல். கிழக்கே போனேன், கழுத்தறுப்பவர்களிடம் மாட்டிக்கொண்டேன் என்று சொந்த ஊர்க் கூட்டத்தில் அதையும் வேடிக்கையாக்கினார். அந்தக் குரலுடன்தான் 1961 ஜனவரியில் டெல்லிக்கு வந்து, யமுனையில் ஓர் இந்திய இளைஞருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

அக்டோபர் 11, வெள்ளி

கிம்பலைவிட நான்கு ஆண்டு இளையவரான அன்றைய தலைவர் ஹாரல்ட் லீ 1973 டிசம்பரில் திடீரென மறைந்ததால், யாரும் எதிர்பாராத வகையில் எழுபத்தெட்டு வயதில் கிம்பல் தலைவரானார். மூத்த அப்போஸ்தலரே அடுத்த தலைவர் என்பது அங்குள்ள வழக்கம்.

கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம், அதாவது சடங்குகளை நடத்தும் குருத்துவ உரிமை, கிடையாது; கறுப்பின ஆண், பெண் இருபாலருக்கும் ஆலயத்தின் உயர்சடங்குகள் கிடையாது என்ற தடை 1852இல் அன்றைய தலைவர் பிரிகாம் யங் அறிவித்ததிலிருந்து தொடர்ந்து வந்தது. 1975இல் பிரேசிலின் சாவோ பாலோவில் ஆலயம் கட்டப்போவதாகக் கிம்பல் அறிவித்தபோது இந்தத் தடை நடைமுறையில் சிக்கலாகவும் ஆனது, ஏனெனில் கலப்பு வம்சம் பரவலான அந்நாட்டில் யாருடைய மூதாதையர் யார் என்று எப்படி அளப்பது? தாங்கள் உள்ளே போக இயலாத கட்டடத்துக்காகக் கறுப்பின விசுவாசிகள் பணமும் உழைப்பும் தந்தார்கள். கோயிலுக்குள் விடாத கதை நமக்குப் புதிதல்ல. அதனால்தான் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பணியாளர்கள் போனபின் கிம்பல் மாதக்கணக்கில் ஆலயத்துக்குத் தனியே சென்று ஜெபித்துவந்தார். 1978 ஜூன் 1 அன்று, கூட்டம் முடிந்தபின் இரு ஆலோசகர்களையும் அங்கிருந்த பத்து அப்போஸ்தலர்களையும் இருக்கச் சொல்லிச் சேர்ந்து ஜெபித்தார்கள். கடவுளிடமிருந்து வெளிப்படுத்தல் கிடைத்ததாக அவர்கள் ஒரே மனதாகச் சொன்னார்கள். தடை நீங்கிய செய்தி ஜூன் 9 அன்று வெளியானது. சாவோ பாலோ ஆலயம் அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் அர்ப்பணிக்கப்பட்டபோது தடை இல்லை. 126 ஆண்டுத் தாமதத்தை எந்த வெளிப்படுத்தலும் எனக்குச் சமாதானமாக விளக்கவில்லை. ஆனால் முடிக்க முன்வந்தவர் எண்பத்து மூன்று வயதுக்காரர் என்பதை மதிக்கிறேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

அவர் ஆர்வத்துடன் வளர்த்த மற்றொரு திட்டம், செவ்விந்தியப் பிள்ளைகளைப் பள்ளிப்படிப்புக்காக மோர்மோன் குடும்பங்களில் தங்க வைப்பது. பலருக்குப் படிப்பு கிடைத்தது. தாய்மொழியும் குடும்பமும் அந்நியமானதாகப் பின்னர் கடும் விமர்சனமும் எழுந்தது. விமர்சனத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

1979இலும் 1981இலும் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு அறுவை சிகிச்சைகள் நடந்தன. நாளடைவில் நிர்வாகம் ஆலோசகர் கார்டன் ஹிங்க்லியின் தோளில் விழுந்தது. 1985 நவம்பர் 5 அன்று தொண்ணூறு வயதில் கிம்பல் மறைந்தார். 1972 ஏப்ரலில் அவருடைய இதயத்தைத் திறந்து வால்வு மாற்றிய மருத்துவர் ரஸ்ஸல் நெல்சன். அவரையே 1984இல் அப்போஸ்தலராக அழைத்தார்கள். சென்ற மாதம் நூறு வயது நிறைந்த அந்த மருத்துவர்தான் 2018இல் சபைத் தலைவரானார்.