கறுப்பு வெள்ளை நிர்வாணப் படங்கள்: பார்க்கப் பழகிய எட்டு மாதம்

கலியாணவீட்டுப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். கிளிநொச்சியில் இருந்துகொண்டு பரந்தன், விசுவமடு, மாங்குளம் என்று கூப்பிடுகிற பக்கமெல்லாம் போவேன். எடுப்பது பாதி வேலை, மீதி கம்பியூட்டரில். மணப்பெண்ணின் முகத்தை வெள்ளையாக்கு, கழுத்தையும் அதுக்குச் சரியாக்கு, பருவை அழி, மாப்பிள்ளையையும் கொஞ்சம் வெளுப்பாக்கு. பத்து வருசம் இதையே செய்ததில், தோலில் வெளிச்சம் எப்படி விழும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. அதைத் திரும்பப் படிக்கத்தான் போன ஆவணியில் பழைய கறுப்பு வெள்ளை நிர்வாணப் படங்களைப் பார்க்கத் தொடங்கினேன். தோலும் வெளிச்சமும் தவிர வேறெதுவும் இல்லாத படங்கள் அவைதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

முறை எளிது. அருங்காட்சியகங்கள் இணையத்தில் போட்டிருக்கிற படங்களில் ஒரு இரவுக்கு ஒன்று. இருபது நிமிடம் பார்ப்பது, பிறகு கொப்பியில் எழுதுவது. போனின் வெளிச்சத்தைக் குறைத்துத்தான் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நிழலுக்குள் இருப்பது எல்லாம் சாம்பலாகிவிடும். இன்னொன்று, படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது. அப்படித் திருப்பினால் உடம்பு மறைந்து, வெளிச்சமும் இருட்டும் எந்த இடத்தில் முட்டுகின்றன என்பது மட்டும் தெரியும். கூச்சத்துக்கும் அது நல்ல மருந்து.

முதல் மாதத்துக் கொப்பியை இப்போது புரட்டினால் சிரிப்பு வருகிறது. ‘மிக அழகு.’ ‘மென்மையான பக்க ஒளி.’ ‘நல்ல கொம்பொசிஷன்.’ எந்தப் படத்துக்கும் ஒட்டக்கூடிய லேபல்கள்.

மனைவிக்குத் தெரியாமல் பார்த்தேன் என்று சொல்ல முடியாது, தெரியும்படியும் பார்க்கவில்லை. ஒருநாள் பின்னால் வந்து நின்றாள்.

“என்னத்தை இவ்வளவு நேரமாப் பார்க்கிறியள்?”

காட்டினேன். 1920களின் ஐரோப்பிய அஞ்சலட்டைப் படம் ஒன்று. எடுத்தவர் பெயரும் இல்லை, நின்றவர் பெயரும் இல்லை. திரைச்சீலைக்கு முன்னால் ஒரு பெண், ஒரு கை தலைக்கு மேலே. சண்டை வரும் என்று இருந்தேன். அவள் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இந்தப் பிள்ளைக்குக் குளிருது போல.”

மேல்கையில் புல்லரித்த புள்ளிகள். கால் விரல்களை நிலத்தில் படாமல் மடக்கி வைத்திருக்கிறார், சீமெந்துத் தரையாக இருக்க வேண்டும். இருபது நிமிடம் பார்த்தும் எனக்கு இதில் ஒன்றுகூடத் தெரியவில்லை. நான் எழுதியிருந்தது ‘மென்மையான பக்க ஒளி’. அன்றிரவே அதை வெட்டிவிட்டு ‘குளிர்’ என்று எழுதினேன். கொப்பியில் முதல் உருப்படியான சொல் அதுதான்.

அதற்குப் பிறகுதான் அமெரிக்கப் படப்பிடிப்பாளர் எட்வேர்ட் வெஸ்டன் பிடிபட்டார். 1936இல் அவர் எடுத்த, அவருக்கு மொடலாக இருந்த சாரிஸ் வில்சனின் படம் பலருக்குத் தெரிந்திருக்கும். நிலத்தில் உட்கார்ந்து, முழங்காலை மடித்து, இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடித்து, தலையைக் குனிந்திருக்கிறார். முகம் தெரியாது. தெரிவது தலைவகிடு, கைகள், கால்கள், பின்னால் வாசலின் இருட்டு. எட்டுக்குப் பத்து அங்குல நெகட்டிவ், பெரிதாக்காமல் கடதாசியின் மேலேயே வைத்துப் போட்ட பிரின்ட். அதனால்தான் தோலின் ஒவ்வொரு மடிப்பும் அவ்வளவு துல்லியம். கைகள் முழங்காலைச் சுற்றி ஒரு முட்டைபோலப் படத்தை மூடிவிடுகின்றன. எங்கே பார்வையை வைத்தாலும் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருவோம்.

எனக்குப் பிடித்தது இதற்குப் பின்னால் உள்ள கதை. அந்த வலது கையில் விழுந்த நிழல் வெஸ்டனுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. சாரிஸுக்குப் பிடிக்காதது வேறு: வகிடு கோணல், தலையில் குத்திய கிளிப் தெரிகிறது. சாரிஸே இதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். உலகமே கும்பிடுகிற படத்தில் எடுத்தவர் நிழலைப் பார்க்கிறார், இருந்தவர் தன் தலையைப் பார்க்கிறார். ஒரு கலியாண ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள், இதேதான் நடக்கும்.

வெஸ்டனைப் படித்தால் மிளகாயும் வரும். 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். உடம்பு மாதிரியே வளைந்து மடிந்து இருக்கும். சரி, நானும் அதிலேயே தொடங்குவோம் என்று சந்தையில் வளைந்த கறிமிளகாயாகப் பொறுக்கினேன். கடைக்கார அண்ணை ஒருமாதிரிப் பார்த்தார், நல்லதை விட்டுக் கோணலை எடுக்கிறான் என்று. புனலுக்கு மண்ணெண்ணெய் விடுகிற புனல். படம் எடுத்த பிறகு அந்த மிளகாயைக் கறிக்குப் போட மனைவி மறுத்துவிட்டாள், நியாயம்தான்.

கமரா பழைய பென்டாக்ஸ் கே1000. லென்சின் ஓரத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, நடுவில் பிழையில்லை. பிலிம் இல்ஃபோர்ட் எச்பி5, கனடாவிலிருந்து மச்சான் வரும்போது ஐந்து ரோல் கொண்டுவந்தான். கழுவுவதற்கு மருந்து கிடைக்காது. கொழும்பிலிருந்து எடுத்தால் விலை கட்டாது. அதனால் கோப்பித் தூளால் பிலிம் கழுவுகிற முறை. 1995இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஸ்கொட் வில்லியம்ஸ் என்ற பேராசிரியரும் மாணவர்களும் கண்டுபிடித்தது. விற்றமின் சி பிறகு சேர்ந்தது. நான் எடுத்த கணக்கு: ஒரு லீற்றர் தண்ணீருக்கு சலவைச் சோடா 54 கிராம், விற்றமின் சி 16 கிராம், உடனடிக் கோப்பித் தூள் 40 கிராம், 20 பாகையில் 15 நிமிடம்.

முதல் ரோல் நாசம். நான் போட்டது அப்பச்சோடா. அதில் காரம் போதாது, பிலிம் கண்ணாடி மாதிரி வெறுமையாக வந்தது. அப்பச்சோடாவைத் தாச்சியில் போட்டு நன்றாக வறுத்தால் அதுவே சலவைச் சோடாவாக மாறும் என்று பிறகுதான் தெரிந்தது. 100 கிராம் போட்டால் 63 கிராம் அளவில் வந்து நிற்கும். அதற்கு மேல் நிறை குறையாவிட்டால் மாறிவிட்டது. இரண்டாவது பிரச்சினை வெப்பம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் 28 பாகைக்குக் கீழே வராது. ஐஸ் கட்டி வாங்கி வாளிக்குள் போட்டு, அதற்குள் ரின்னை வைத்துக் கழுவினேன். கடைசியில் படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போவும் வேண்டும், அதற்குக் கோப்பித் தூள் உதவாது. பழைய ஸ்டூடியோ ஐயா ஒருவர் கொஞ்சம் வைத்திருந்தார். நாற்றத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இரண்டு நாளைக்கு வீட்டில் ஒருவரும் கோப்பி குடிக்கவில்லை.

மிளகாய் வந்தது. நன்றாகவே வந்தது. அடுத்தது தோல், என் சொந்த முன்னங்கை. அங்கேதான் அடுத்த பாடம். கறுப்பிலிருந்து வெள்ளை வரை நிறத்தைப் படிபடியாக எண்ணுகிற, அன்செல் அடம்ஸ் வகுத்த சோன் முறையில் வெள்ளைக்காரரின் தோல் ஆறாம் சோன். வெளிச்சம் அளக்கிற மீற்றர் எதைக் காட்டினாலும் நடுச் சாம்பலாக்கத்தான் பார்க்கும் என்பதால், தோலை அளந்து ஒரு ஸ்டொப் கூட்டி, வெளிச்சத்தை இரட்டிப்பாக்கச் சொல்வார்கள். அப்படியே செய்தேன். வந்தது என் கை இல்லை. யாரோ மாவு பூசிய கை. பத்து வருசமாகக் கம்பியூட்டரில் செய்ததை இப்போது பிலிமிலும் செய்திருக்கிறேன்! எங்கள் தோல் ஐந்தாம் சோன் அளவில், கூட்டாமல் விட்டாலே சரி. கூட்டித்தான் ஆகவேண்டுமென்றால் உள்ளங்கையை அளக்கலாம், அது எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே நிறம்.

இதற்குப் பிறகு லயனல் வென்ட்டின் படங்கள் வேறுமாதிரித் தெரிந்தன. 1900இல் கொழும்பில் பிறந்து 1944இல் இறந்தவர். பியானோக்காரர், சட்டம் படித்தவர், ‘43 குழு’ ஓவியர்களைச் சேர்த்து வைத்தவர்களில் ஒருவர். நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்கு அவர் ஒரு அரங்கின் பெயர். தொண்ணூறு வருசத்துக்கு முன்னால் இந்தத் தீவில் ஆண்களின் நிர்வாணத்தைக் கலையாக எடுத்த மனிதர். அந்த உடம்புகளை அவர் வெளுப்பாக்கவில்லை. கறுப்பைக் கறுப்பாகவே ஆழமாகப் பிரின்ட் போட்டு, விளிம்பில் ஓடுகிற ஒரு கோட்டு வெளிச்சத்தால் உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்கிறார். ஒரு பென்சில் கோடு மாதிரி. சில படங்களில் சோலரைசேஷன் செய்து, அதாவது கழுவும்போது நடுவில் வெளிச்சம் காட்டி, அந்தக் கோட்டை நிஜமாகவே வரைந்திருக்கிறார். எனக்கு அவை அவ்வளவு பிடிக்கவில்லை, வித்தை காட்டுகிற மாதிரி. அவர் இறந்த பிறகு நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன, பிரின்டுகள்தான் மிச்சம்.

குறையும் எழுதினேன். எடுத்தவர் கொழும்பின் வசதியான வீட்டுப் பிள்ளை, நீதிபதியின் மகன். நின்றவர்கள் பெரும்பாலும் உழைப்பாளிகள். எடுத்தவர் பெயரில் ஒரு அரங்கம் இருக்கிறது. நின்ற பலருக்குப் படத்தின் கீழேகூடப் பெயர் இல்லை. வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்? வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கொப்பிக்குள் இந்தக் கேள்வி வந்தபிறகு வெளியே போகவில்லை.

பில் பிரான்ட்டை அவசரமாகத்தான் பார்த்தேன். பொலிஸார் பாவித்த வகைப் பழைய மரக் கமரா ஒன்றில் தொடங்கி, அகன்ற கோணத்தில், கடற்கரைக் கல்லும் முழங்கையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி எடுத்தவர். 1961இல் புத்தகமாக வந்தது. திறமை பயங்கரம். ஆனால் அந்தப் படங்களில் ஆள் இல்லை, கல்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸில் படமெடுத்த பெலோக் அதற்கு மறுபக்கம். 1912 அளவில் பாலியல் தொழிலாளர்களின் குடியிருப்பில் எடுத்த கண்ணாடி நெகட்டிவ்கள். சில பெண்கள் உடையில்லாமல், சிலர் கோடுபோட்ட காலுறையோடு, ஒருத்தி சிரித்துக்கொண்டு. தொழில்நுட்பமாகப் பார்த்தால் பின்னால் தொங்குகிற துணியைக்கூடச் சரியாக மறைக்கவில்லை. ஆனால் கமராவைப் பார்க்கிற பார்வையில், எடுக்கிறவனை அவர்களுக்குத் தெரியும் என்பது தெரிகிறது. சில தகடுகளில் முகத்தை மட்டும் சுரண்டி அழித்திருக்கிறார்கள்.

அந்தச் சுரண்டிய முகங்களோடு கொப்பியை மூடிவைத்தேன். மாசியில் மூன்று கிழமை திறக்கவில்லை. வன்னியில் இருக்கிறவனுக்கு, உடையில்லாத உடம்பின் படம் என்றால் முதலில் ஞாபகம் வருவது கலை இல்லை. 2009இல் நடந்ததை, அதன்பிறகு வெளியே வந்த காணொளிகளை நாங்களும் இந்தப் போன்களில்தான் பார்த்தோம், எங்கள் ஆட்கள் யாரும் இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டு. அதே திரையில், அதே இரவு நேரத்தில், இதையும் பார்க்கிறேன். இரண்டும் ஒன்றல்ல என்று தெரியும். தெரிந்தாலும் கைக்கு வரவில்லை. கோவில் சிலையில் இல்லாததா என்று ஒரு நண்பன் ஆறுதல் சொன்னான். சிலைக்குக் குளிராது. படத்தில் ஒரு ஆள் அந்த நேரத்தில் அங்கே நின்றிருக்கிறார், அல்லது கிடந்திருக்கிறார். அவரைக் கேட்டார்களா இல்லையா என்பது படத்துக்கு வெளியில் உள்ள விஷயம் என்று முன்பு சொல்லியிருப்பேன்.

சரி, நின்று பார்த்தால்தான் தெரியும் என்று பங்குனியில் நானே நின்றேன். யன்னலோரம், சேட்டில்லாமல், சாரத்தை இடுப்பில் இறக்கிக் கட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு. கே1000இல் ரைமர் கிடையாது, மனைவிதான் அமத்தினாள். பின்னால் நிற்கிற ஆள் எதைப் பார்க்கிறாள் என்று தெரியாமல் நிற்பது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் தோள் இறுகிவிட்டது. “நிமிருங்கோ”, “கொஞ்சம் திரும்புங்கோ”, “மூச்சை விடுங்கோ, கல்லுமாதிரி நிக்கிறியள்.” கலியாண வீடுகளில் நான் தினமும் சொல்கிற சொற்கள்.

எட்டு பிரேம். ஸ்டூடியோ ஐயாவின் மேசை விளக்கில் வைத்துப் பார்த்தோம். என் இடது தோளுக்குக் கீழே ஷெல் துண்டு போன தழும்பு ஒன்று இருக்கிறது. பக்க வெளிச்சம் அதைப் பிடித்துவிட்டது, நெகட்டிவில் ஒரு கறுத்த கோடு. ஐயாவின் கை தன்பாட்டில் லாச்சியைத் திறந்தது. நெகட்டிவில் வெளிறிய இடத்தைப் பென்சிலால் பூசுவார்கள், கறுத்த கோட்டைக் கத்தி நுனியால் சுரண்டுவார்கள். நாற்பது வருசப் பழக்கம். கத்தியை எடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார்.

“கூர் போடத்தான் எடுத்தனான்,” என்றார், கூர் போடாமல்.

ஆறாம் பிரேமைப் போனில் எடுத்து நேர்ப்படமாக்கி வீட்டில் காட்டினேன். தோள் இன்னும் இறுக்கம், ஆனால் தோல் என் நிறத்தில் இருக்கிறது. அந்த அஞ்சலட்டையைப் பார்த்த மாதிரியே மனைவி பெரிதாக்கி, ஓரம் ஓரமாகப் பார்த்தாள். தழும்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“பின்னால கொடியில துவாய் தொங்குது. ஆர் இதைக் கவனிக்கிறது?”

எடுத்தது அவள்தான். ரோலில் இன்னும் மூன்று பிரேம் இருந்திருந்தால் அன்றைக்கே திரும்ப நின்றிருப்பேன். மிச்சம் ஒரு ரோல் பெட்டிக்குள் கிடக்கிறது. இந்தமுறை தான் நிற்பதாகவும், கை மட்டும்தான் என்றும், கமராவுக்குப் பின்னால் நான் வாய் திறக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறாள். துவாயை எடுத்துவிட்டேன்.