ஆத்தாவின் கண்டாங்கியில் ஒரு சோதனை

லீவுக்குப் பள்ளத்தூர் வந்திருந்த அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள். "அம்மான், ஹாலஜன்ல எதுக்கு வேகம் ஜாஸ்தின்னு மறந்து மறந்து போகுது" என்றாள்.

எங்கள் வீட்டுப் பலகாரத் தட்டைச் சொன்னேன். கடைசிச் சீயத்தைப் பெரியவன் எடுத்தால் நடுவுள்ளவன் பிடுங்குவான். அவனிடமிருந்து கடைக்குட்டி பிடுங்குவான். ஃபுளூரின், குளோரின் வகையறாவான ஹாலஜன்களுக்கு எலக்ட்ரான்தான் சீயம். இருப்பதிலேயே பொடிசான ஃபுளூரின்தான் பெரிய பறிகாரன். அப்புறம் குளோரின், புரோமின், அயோடின். அணு பெருக்கப் பெருக்கக் கருவின் பிடி எட்டாது. ஃபுளூரினைத் தனியே பிரிக்கப் போய் அடிபட்டவர்கள் பலர். 1886-இல்தான் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி முவாசானுக்கு அகப்பட்டது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். "செஞ்சே காட்டுறேன் பாரு" என்றேன்.

அயோடின் உப்பைக் கரைத்து, வடிகஞ்சி விட்டு, பிளீச்சிங் பவுடர் தெளிவு இரண்டு சொட்டு. பவுடரிலுள்ள குளோரின் உப்பிலுள்ள அயோடினிடம் எலக்ட்ரானைப் பிடுங்கித் துரத்தும், அது கஞ்சியில் பட்டு நீலமாகும் என்று கணக்கு. கஞ்சி கஞ்சியாகவே இருந்தது. அவள் கொட்டாவி விட்டாள். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் 'பொட்டாசியம் அயோடேட்'. அதிலுள்ள அயோடின் ஏற்கெனவே எலக்ட்ரானைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறது. குளோரின் எதைப் பிடுங்கும்?

மானம் போகக்கூடாதே. புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தை எடுத்து வந்தேன். இறுகிக் கிடந்த மூடி திறந்த வேகத்தில், வளவுக் கொடியில் மொடமொடவென்று காய்ந்துகொண்டிருந்த ஆத்தாவின் மஞ்சள் கண்டாங்கி மேல் பாதி பாட்டில் தெறித்தது. கஞ்சி போட்ட சேலை. தவிட்டு நிறத்தில் விழுந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலமானது.

"அம்மான், வந்திருச்சு!" என்று கைதட்டினாள்.

பதற்றத்தில் பிளீச்சிங் தெளிவை ஊற்றினேன். கருநீலம் போனது. கூடவே மஞ்சளும் போனது. உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. குளோரின் அயோடினோடு நிறுத்திக்கொள்கிற ரகமில்லை என்பதைப் பாடத்தோடு நடத்தியிருக்க வேண்டும்.

ஆத்தா வந்தாள். ஒன்றும் பேசாமல், முந்தானையில் தனியே தெறித்திருந்த ஒரு பொட்டில் எலுமிச்சம்பழ மூடியைத் தேய்த்தாள். மறைந்தே போனது! எலுமிச்சையின் வைட்டமின் சி அயோடினுக்குத் தானாகவே எலக்ட்ரானைக் கொடுத்துவிடும். (பிளீச்சிங் பட்ட இடத்தில் மட்டும் எலுமிச்சை கூடாது, குளோரின் வாயு கிளம்பும். நல்லவேளை, அந்தப் பொட்டு தள்ளி இருந்தது.)

பிறகுதான் வாயைத் திறந்தாள்: "ஏண்டா, அந்தப் பவுடரு கெணத்துல போட வாங்குனதுதானே?"