பயிற்சி நடந்த பள்ளிக்கும் வாருங்கள்

"ஏ கிரேடு கல்லூரியாம் மிஸ், பி.எட். சேரட்டுமா?" பெங்களூர் அல்சூர் பள்ளியில் என்னிடம் படித்த பிள்ளைகள் பட்டம் முடித்ததும் இப்படித்தான் கேட்கிறார்கள். தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வேன். அது இல்லாத பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது. கிரேடு என்பது வேறு. அது கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் (NAAC) தரும் தர மதிப்பீடு.

கவுன்சிலின் 2014 விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கின. அதில் 20 வாரம் பள்ளியில் பயிற்சி. அதற்கு 90 சதவீத வருகை வேண்டும். மிக நல்ல விதி. ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்த வரும் பயிற்சி மாணவி முதல் சில வாரங்கள் கரும்பலகையோடுதான் பேசுவாள். மெல்லத் திரும்பிப் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பாள். பிறகு ஒருநாள், அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதிய பையனிடம், "எப்படிப் போட்டாய், சொல்" என்று கேட்பாள். அந்தக் கேள்வி வர வாரக்கணக்கில் வகுப்பில் நிற்க வேண்டும்.

ஆனால் ஒரு கல்லூரியின் மாணவர்கள் எங்கள் பள்ளிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க மட்டுமே வந்தார்கள். நான் போட மறுத்தேன். அதே கல்லூரிக்குப் பின்னர் நல்ல கிரேடு கிடைத்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஏனென்றால் அவர்களும் ஏதோ ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கப்போகிறவர்கள்தானே. தனித்து இயங்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்ற, ஆசிரியர் கல்வியை ஆராய உச்ச நீதிமன்றம் அமைத்த வர்மா ஆணையத்தின் 2012ஆம் ஆண்டுக் கருத்தை, 2020 தேசியக் கல்விக் கொள்கையே எடுத்துச் சொல்கிறது.

நாக் மதிப்பீட்டுக் குழுவினர் கல்லூரியின் நூலகத்தையும் கோப்புகளையும் தாராளமாகப் பார்க்கட்டும். அதோடு, பயிற்சி நடந்த பள்ளிகளுக்கும் சொல்லாமல் கொள்ளாமல் வரட்டும். மாணவர்களின் பாடக்குறிப்பேட்டில் யாராவது திருத்தியிருக்கிறார்களா என்று புரட்டட்டும். கல்லூரிப் பேராசிரியர் எத்தனை முறை வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தார் என்று எங்களைத் தனியாக அழைத்துக் கேட்கட்டும். நாக் தலைமையகம் இதே பெங்களூரில், நாகர்பாவியில் இருக்கிறது. ஞானபாரதியில் மெட்ரோ ஏறினால் அல்சூரில் இறங்கிவிடலாம். எந்த நாள் வந்தாலும் பதில் சொல்ல நான் தயார்.